அஞ்சாவது வண்ணம்

அத்தியாயம் 6

"ஒத்துக்கிடறேன் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

சுரேஷ்குமார் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. பயம்கூட இல்லை. இறங்க வேண்டிய ஸ்டாப் எது என்று கண்டக்டரிடம் கேட்கிறவன் குரல்.

துபாய், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப். இரண்டடுக்குக் கட்டில்கள் நெருக்கியடித்த அறை. மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய ஈரத் துண்டுகள் மட்டும் கட்டில் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஏசி ஓடியது. ஓடுகிற சத்தம் வந்தது என்பதுதான் சரி.

மதுஷா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சாவகச்சேரிக்காரி. துபாயில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரணை அவள் வேலை. யாருடைய பொருளாவது காணாமல் போனால், அது நிஜமாகவே காணாமல் போனதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் பார்த்ததில், எதுவுமே நிஜமாகக் காணாமல் போவதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவு அவளுக்குச் சந்தோஷம் எதையும் தரவில்லை.

"நீர் எடுத்தனீரோ?"

"இல்ல மேடம்."

"பிறகு என்னத்தை ஒத்துக்கொள்ளப் போறீர்?"

"கையெழுத்துப் போட்டுட்டா கேஸ் இல்லாம ஊருக்கு அனுப்பிருவோம்னு மந்தூப் சொன்னார்." மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைகிற ஆள். "அனுப்பட்டும் மேடம். ரெண்டு நாளா ஆள் மாத்தி ஆள் வந்து ஒரே கேள்வியக் கேக்குறாங்க. கேள்வி கேக்காத எடம் எதுன்னாலும் எனக்குச் சரி."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற முனியசாமி தொண்டையைச் செருமினான். மதுஷாவுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவர் என்று மூன்று பதவி. கமுதிப் பக்கத்துக்காரன். வயது ஐம்பதை ஒட்டி.

"தம்பி, திருடினேன்னு எழுதிக் குடுத்தவனை ஏர்போர்ட்டுல மாலை போட்டா வழியனுப்புவாங்க? நேரா உள்ளதான். அங்கயும் கட்டில் இதே மாதிரிதான் இருக்கும். மூட்டைப்பூச்சி மட்டும் அரபில கடிக்கும்."

சுரேஷ்குமார் சிரிக்க முயன்றான். வாய் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அவன் அணிந்திருந்த யூனிஃபார்ம் சட்டையின் மார்பில் ஐந்து கோடுகள். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, மயில்நீலம். வெளியே நின்ற கம்பெனி வேனிலும் அதே ஐந்து கோடுகள்.

காணாமல் போனதும் அந்தக் கோடுகள்தான். அதாவது, கோடுகளின் மூலப்பிரதி. கம்பெனி முதலாளி மீராசாவின் பரம்பரைப் பொக்கிஷம் என்று சொல்லப்பட்ட ஒரு பித்தளைத் தகடு. அந்தக் காலத்து வணிகர் கூட்டம் ஒன்றின் சின்னம். ஷார்ஜாவில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்காக மரப்பெட்டியில் வைத்து சுரேஷ்குமாரின் வேனில் அனுப்பினார்கள். அங்கே பெட்டியைத் திறந்தபோது உள்ளே சிவப்பு வெல்வெட் மட்டும் இருந்தது. வழியில் பெட்டியோடு இருந்தவன் இவன் ஒருவன்தான்.

தகடு மதுஷாவின் கம்பெனியில் இன்சூர் செய்யப்பட்டிருந்தது. கிளெய்ம் கொடுக்க வேண்டுமானால் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட்டுக்கு ஒரு திருடன் வேண்டும். விதியை எழுதியது அவளுடைய ஆபீஸ்தான். அந்த நினைப்பு காலையிலிருந்து செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

"மந்தூப் எப்ப வருவார்?"

"சாயங்காலம், பேப்பரோட."

"நான் வந்து சொல்லுமட்டும் கையெழுத்து வைக்க வேண்டாம். விளங்குதோ?"

"பாக்குறேன் மேடம்," என்றான் சுரேஷ்குமார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

*

தேரா. மசாலா மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கும் சந்தில் மீராசா டிரேடிங். ஏலக்காய் வாசனை மாடிப்படி வரை ஏறி வந்து, ஆபீஸ் அறைக்குள் குளிர்ந்து போய்க் கிடந்தது.

மீராசா கீழக்கரைக்காரர். அகலமான ஆள், அகலமான மேஜை. பின்சுவர் முழுக்கப் படங்கள், கல்வெட்டுகளின் மை நகல்கள்.

"இதப் பாருங்க," என்று எழுந்துவிட்டார். விசாரணைக்கு வந்தவர்களுக்குக்கூட சுவரைக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. "ஐந்நூற்றுவர்னு ஒரு வணிகர் கூட்டம். கல்வெட்டோட தலையில காளை, வாள், விளக்கு, ஏர்னு வரிசையாச் செதுக்கி வச்சிருக்காங்க பாருங்க. வெள்ளாமைக்காரங்க கூட்டத்துக்கு மேழி, அதான் கலப்பை. யார் எந்தக் கூட்டம்னு எழுத்துத் தெரியாதவனும் சின்னத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். நம்ம ஆளுங்க இந்த அரபுக் கரையிலேருந்து கப்பல் ஏறி வந்து நம்ம கரையில கடை போட்டாங்கள்ல, அவங்க கூட்டத்துக்குப் பேரு அஞ்சுவண்ணம்."

"அஞ்சு வண்ணம். அஞ்சு நிறம்," என்றாள் மதுஷா.

"அதேதான். அந்தத் தகட்டுல அஞ்சு கலரும் அப்படியே இருந்துச்சு. முன்னோர் இங்கேருந்து அங்க போனாங்க, நான் அங்கேருந்து இங்க வந்துட்டேன். அந்தச் சின்னம் கையில வந்தப்போ…" அவர் சுவரைப் பார்த்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பரம்பரையா வந்ததா, வாங்கினதா?"

"பரம்பரைச் சின்னம். வாங்கினது இங்க. பழஞ்சாமான் வியாபாரி ஒருத்தன், இப்ப ஊருக்குப் போயிட்டான்."

முனியசாமி மதுஷாவைப் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"பெட்டிக்குள்ள ஆர் வைச்சது?"

"நான்தான். முந்தின நாள் கடை மூடறதுக்கு முன்னாடி."

ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிர்ந்தாள். மகள் ருமைஸா. பிறந்தது, படித்தது, படித்துக்கொண்டிருப்பது எல்லாம் இங்கேதான்.

"அதுக்கப்புறம் நான் பார்த்தேன். கேட்டலாக்குக்கு போட்டோ எடுத்துட்டு பெட்டிய மூடி டேப் போட்டேன். ஐ மீன், அந்த அஞ்சுமன் ப்ளேட் உள்ளதான் இருந்துச்சு."

"அஞ்சுவண்ணம், மவளே," என்றார் மீராசா, பழக்கதோஷத்தில்.

"ஆ, அஞ்சுவண்ணம்," என்று ருமைஸா லேப்டாப்புக்குத் திரும்பினாள்.

"சுரேஷை எத்தனை வருஷமாத் தெரியும் உங்களுக்கு?"

"நல்ல பையன்தான்." மீராசா குரல் இறங்கியது. "அதான் வயித்தெரிச்சல். கேட்டிருந்தா எது வேணாலும் குடுத்திருப்பேன். அதப் போயி…"

மேஜைமேல் காலிப் பெட்டி. மதுஷா வெல்வெட்டின் மடிப்புகளை விரலால் பிரித்துக்கொண்டே போனாள். ஒரு மூலையில் நக நுனி அளவுக்கு ஒரு செதில். மயில்நீலம். சேலைப் பின் ஒன்றால் அதைக் கிளப்பி, காகிதத்தில் மடித்துக்கொண்டாள். ருமைஸாவின் விரல்கள் கீபோர்டில் நின்றதை அவள் கவனித்தாள். ஆனால் மனுஷர்கள் டைப் அடிப்பதை நிறுத்த ஆயிரம் காரணம் இருக்கிறது.

*

சந்துக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. ஈரக் காற்றில் கண்ணாடி மங்கியது. மதுஷா காகிதத்தை விரித்ததும் செதில் மினுக்கியது.

"மேடம், இதுல ஜிகினா இருக்கு," என்றான் முனியசாமி.

"ஓம். அந்தக் காலத்து ராசாக்கள் ஜிகினா பூசினவையோ?"

"ராசாக்கள் தெரியாது. தண்ணி டேங்கர் பூசியிருக்கு." அவன் செதிலை முகத்தருகே கொண்டுபோனான். "சத்தியமா மேடம், இந்தக் கலரோட நான் குடும்பம் நடத்தியிருக்கேன். மொத மொத வந்தப்ப அபுதாபி பக்கம் முசஃபாவுல ஒரு பெயிண்ட் ஷெட்டுல எனக்கு டூட்டி. தண்ணி டேங்கர் கம்பெனி ஒண்ணு, லாரி பூரா இந்த நீலத்தைத்தான் அடிக்கச் சொல்லும். தனியா கலந்து வைப்பாங்க. குளிச்சாலும் போகாது. என் கல்யாண போட்டோவுல காதுமடல் ஒண்ணு இந்தக் கலர்லதான் இருக்கும்."

"அந்த ஷெட் இப்பவும் இருக்குதோ?"

"ஷெட் இருக்கும். நான் போனா டீ குடுப்பாங்களா, அடிப்பாங்களாங்கறதுதான் கேள்வி. சொல்லாம ஓடி வந்தவன்ல."

கார் அபுதாபி ரோட்டில் ஏறியது. ஏசி பின்சீட்டுக்கு வரவில்லை, முன்சீட்டுக்கு வந்ததும் பெருமைப்படுகிற அளவு இல்லை. மதுஷா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணைக் கவனிச்சீங்களா மேடம்? அப்பா தொண்டை கிழிய அஞ்சுவண்ணம் அஞ்சுவண்ணம்ங்கறாரு, மக அஞ்சுமன்ங்குது. இங்க பொறந்த பிள்ளைங்க தமிழ் பேசுனா பாதி எழுத்து கஸ்டம்ஸ்லயே மாட்டிக்கிது."

"உங்கட பிள்ளையள்?"

"அதுக கமுதியில கவர்மெண்ட் ஸ்கூல். எழுத்து பூரா உண்டு, மார்க்குத்தான் இல்ல."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவை.

*

முசஃபா. தகரமும் தின்னரும் வெல்டிங் பொறியும் கலந்த வாசனை. ஷெட்டுக்குள் கதவு கழன்ற பிக்கப் ஒன்று, பேப்பர் ஒட்டிய முகத்தோடு வர்ணத்துக்குக் காத்திருந்தது.

பெயிண்டர் அஹ்சன் முல்தான்காரர். தாடியில் பாதி நரை, பாதி பிரைமர். முனியசாமியைப் பார்த்ததும் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார்.

"முனி பாய். சாய் பீனே கயா தா நா?" டீ குடிக்கத்தானே போனாய் என்று கேட்டார், நேற்றுத்தான் போனவனிடம் கேட்பது மாதிரி.

"கடை கொஞ்சம் தூரம் பாய்," என்றான் முனியசாமி, அவருக்குப் புரிகிற இந்தியில்.

அத்தோடு பழைய கணக்குத் தீர்ந்துவிட்டது. டீ வந்தது. மதுஷா போனில் தகட்டின் போட்டோவைக் காட்டினாள். அஹ்சன் போனை வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. காணாமல் போன மகன் போட்டோவைக் காட்டினால்கூட அவ்வளவு மலருமா தெரியாது.

"மேரா ஹாத் ஹை, பெஹன். என் கைவேலைதான் இது. பச்சை நல்லா விழுந்திருக்கு, பாருங்க."

அவர் உருதுவில் சொன்னதை முனியசாமி தமிழாக்கிக்கொண்டே வந்தான். பழஞ்சாமான் வியாபாரி ஒருவன் வந்திருக்கிறான். கையில் புதுப் பித்தளைத் தகடு. அதில் கப்பல், தராசு, வாள் எல்லாம் வெட்டிவைத்து, ஆசிட்டில் கறுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தான். கீழே ஐந்து கோடு. ஐந்தும் ஐந்து கலரில் வேண்டும், பேரே அப்படித்தான் என்றானாம். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை வரைக்கும் அவனே சொன்னான். அஞ்சாவது வண்ணம் என்ன என்று கேட்டதற்கு, எது மீந்திருக்கோ அதைப் போடு என்றுவிட்டான்.

"அன்னிக்கு மீந்தது டேங்கர் நீலம்," என்று முடித்தான் முனியசாமி. "தேராவுல எல்லா வேன்லயும், எல்லாச் சட்டையிலயும் இன்னிக்கு ஓடிக்கிட்டிருக்கிறது தண்ணி லாரி மேடம்."

அஹ்சன் கவலையோடு ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"உதிர ஆரம்பிச்சிடுச்சா, கொண்டாங்க, டச்சப் பண்ணித் தர்றேங்கறார். உழைப்புக்கு ஒண்ணும் வேணாமாம்."

மதுஷா டீயை மெதுவாகக் குடித்தாள். சர்க்கரை அதிகம். களைப்புக்கு நல்லது.

"அப்ப கதை முடிஞ்சிருச்சு," என்றான் முனியசாமி. "மொதலாளிதான். போலின்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கண்காட்சியில வச்சா நாறிப்போகும். காணோம்னு சொன்னா மானமும் மிஞ்சும், இன்சூரன்ஸும் வரும். பழிக்கு டிரைவர்."

"போலி எண்டு தெரிஞ்ச மனுசன், சுவரைக் காட்டேக்க கண் கலங்குவாரோ?"

"நடிக்கலாம்ல?"

"நடிக்கிறவன் எங்களைப் பார்த்துக் கலங்குவான். இவர் சுவரைப் பார்த்தெல்லோ கலங்கினவர்."

அவள் கண்ணாடிக் கோப்பையை வைக்க இடம் தேடித் திரும்பினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஷெட்டின் உள்சுவரில் கையால் வரைந்த ஒரு தகரப் பலகை. நடுவில் ஸ்ப்ரே கன்னும் சுத்தியலும் பெருக்கல் குறியாக. சுற்றிக் கோதுமைக் கதிர். மேலே உருதுவில் ஒரு வரி. கீழே, உருது படிக்கத் தெரியாதவர்களுக்காக, அதே வரி ஆங்கில எழுத்தில். முதல் வார்த்தையை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"அஞ்சுமன்."

"ஹாங், அஞ்சுமன்," என்றார் அஹ்சன். அதுவும் அவர் வரைந்ததுதானாம். வண்டி நசுங்கலை நிமிர்த்துகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், அவர் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்தது. யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் பார்த்துக்கொள்வார்கள். யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்புவார்கள். "அஞ்சுமன், மத்லப்… சப் லோக் ஏக் சாத்."

"எல்லாரும் சேர்ந்து இருக்கிறது. சங்கம்," என்றான் முனியசாமி. சொன்னவன் வாயை மூடவில்லை. "மேடம்…"

"சொல்லுங்கோ."

"அந்தப் பொண்ணு அஞ்சுமன்னு சொல்லுச்சு."

"ஓம்."

"எழுத்து கஸ்டம்ஸ்ல மாட்டல."

"மாட்டேல்லை. அவளுக்குத்தான் சரியாத் தெரிஞ்சிருக்கு." மதுஷா எழுந்துவிட்டாள். "அஞ்சுமன் எண்டது பாரசீகச் சொல். கடல்கடந்து வந்த ஆக்கள் தங்கட சங்கத்துக்கு வைச்ச பேர். அதை எங்கட சனம் தங்கட வாய்க்கு ஏத்த மாதிரி அஞ்சுவண்ணம் ஆக்கிப்போட்டுது. படிச்ச ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுகினம், எங்கயோ வாசிச்சிருக்கிறன். மறந்துபோனன். நிறமும் இல்லை, அஞ்சும் இல்லை. தகட்டைச் செய்தவன் பேரைத் தமிழ் எண்டு நினைச்சு அஞ்சு நிறம் பூசினான். அப்பர் அதை நம்பினார். மகள்…"

"மகளுக்கு அர்த்தம் தெரியும். அப்ப கலர் பொய்னும் தெரியும்."

"போலி எண்டு தெரிஞ்ச ஆள் அந்த வீட்டில ஒராள்தான் அண்ணை. டேப் போட்டதும் அந்த ஆள்தான்."

*

திரும்பும் வழியில் பாதியில் போன் வந்தது. சுரேஷ்குமார்.

"போட்டுட்டேன் மேடம்."

மதுஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏன்? நான் என்ன சொன்னனான்?"

"சொன்னீங்க. மந்தூப் சீக்கிரமே வந்துட்டார். பேனாவத் திறந்து கையில குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தார். எவ்வளவு நேரந்தான் ஒருத்தர நிக்க வைக்கிறது. பரவால்ல மேடம். உங்களுக்கும் அலைச்சல்."

லைன் அறுந்தது. முனியசாமி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வேகம் பிடிக்கும் கேமராக்களுக்கு மட்டும் மரியாதையாகக் குனிந்து குனிந்து போனது கார்.

*

ருமைஸா ஆபீஸில் தனியாக இருந்தாள். மீராசா தொழுகைக்குப் போயிருந்தார்.

மதுஷா நீலச் செதிலை மேஜையில் வைத்தாள்.

"பிள்ளை, உங்கட தமிழைக் கேட்டு இந்த முனியசாமி அண்ணை சிரிச்சவர். நானும் சிரிச்சனான். மன்னிக்கோணும். அஞ்சுமன்தான் சரி."

ருமைஸா செதிலைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"யூனிவர்சிட்டில ஒரு லெக்சர்," என்றாள் கடைசியில். "ப்ரொஃபசர் சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போனார், அஞ்சுவண்ணம்னா கலர் இல்லன்னு. வீட்டுக்கு வந்து அந்த ப்ளேட்டை எடுத்து, கார்னர்ல நெயில் பாலிஷ் ரிமூவர் வச்சுத் தொட்டேன். அப்படியே கரைஞ்சுது." கையை விரித்துக் காட்டினாள், அந்த நீலம் இன்னும் ஒட்டியிருப்பது மாதிரி. "அதே ப்ரொஃபசர்தான் கண்காட்சியைத் திறக்க வர்றார். அவர் முன்னாடி வாப்பா மைக் பிடிச்சு அந்தக் கதையைச் சொல்லுவாங்க. முன்னோர், கப்பல், அஞ்சு கலர். எல்லாரும் கை தட்டுவாங்க. அவர் மட்டும் தட்ட மாட்டார். என்னால அதைப் பார்க்க முடியாது ஆன்ட்டி."

"வாப்பாட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படி? வேன் எல்லாத்துலயும் இருக்கு."

"சுரேஷ்?"

அவள் உதட்டைக் கடித்தாள். "வாப்பா கொஞ்ச நேரம் சத்தம் போட்டுட்டு மன்னிச்சிடுவாங்கன்னு நெனச்சேன். கிளெய்முக்கு போலீஸ் ரிப்போர்ட் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிடும்னு…"

"ரெண்டு நாளாச்சுது," என்றாள் மதுஷா. அதட்டவில்லை. அதட்ட அவளிடம் தெம்பு இல்லை. "அந்தப் பெடியன் நித்திரை கொள்ளேல்லை. திருடினன் எண்டு எழுதிக் குடுத்திட்டான். எடுக்காத ஆள், எடுத்தனான் எண்டு."

ருமைஸா கீழே குனிந்து, லேப்டாப் பையின் பின்னறையைத் திறந்தாள். பழைய துப்பட்டாவில் சுற்றிய தகடு. காலையில் அவர்கள் விசாரித்த நேரமெல்லாம் அது அவள் காலடியில் இருந்திருக்கிறது.

"தூக்கிப்போட முடியல," என்றாள். "வாப்பா அதை டெய்லி தொட்டுட்டுத்தான் உக்காருவாங்க."

"எதை?" என்று வாசலில் குரல் கேட்டது.

மீராசா. தலையில் தொப்பி, முழங்கை வரை ஈரம். மேஜையில் துப்பட்டா, துப்பட்டாவில் தகடு. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ருமைஸா எழுந்து நின்று சொன்னாள். முழுக்கத் தமிழில் சொன்னாள், ஒரு வார்த்தைக்கும் ஆங்கிலத்தில் ஒதுங்காமல். வார்த்தை கிடைக்காத இடங்களில் நின்று, தேடி, எடுத்து வைத்தாள். வெறும் பெயிண்ட் என்றாள். முசஃபா லாரி பெயிண்ட் என்று முனியசாமி எடுத்துக்கொடுத்தான். அஞ்சுமன் என்றாள்.

மீராசா நாற்காலியில் உட்கார்ந்தார். தகட்டின் ஓரத்தைத் தடவினார். நகத்தில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியது.

"ஊருல எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே," என்றார். பிறகு, "அப்ப அஞ்சு கலருக்கும் ஒரு அர்த்தமும் இல்லையா?"

மதுஷா சொல்வதற்குள் முனியசாமி முந்திக்கொண்டான். வேடிக்கைக் குரல் இல்லை.

"சங்கம்னா ஆளுங்கதான, மொதலாளி. நம்ம ஆள் ஒருத்தன் பேப்பர் இப்ப ஸ்டேஷனுக்குப் போய்க்கிட்டிருக்கு."

மீராசா அவனைப் பார்த்தார். சட்டென்று போனை எடுத்தார். நம்பரை ருமைஸாதான் அழுத்தினாள்.

மந்தூப் ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்திருந்தார். டோக்கன் எடுத்தாயிற்று, முன்னால் இன்னும் ஒரு ஆள்தான், முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

"முடிக்காத. எந்திரி. கலாஸ், போதும், வெளிய வா," என்றார் மீராசா. "பேப்பரை யார் கையிலயும் குடுக்காம சோனாப்பூர் கொண்டா. நானும் அங்க வர்றேன்." போனை வைத்துவிட்டு மதுஷாவிடம் திரும்பினார். "கிளெய்ம் இல்லம்மா. எதுவும் காணாமப் போகலன்னு எழுதிக்குங்க."

எதுவுமே நிஜமாகக் காணாமல் போவதில்லை. மதுஷா தலையாட்டினாள்.

*

கேம்ப் அறையில் இப்போது எல்லாரும் இருந்தார்கள். டூட்டி முடிந்து வந்தவர்கள், அடுப்புக்கு வரிசையில் நிற்பவர்கள், துண்டோடு நடப்பவர்கள். முதலாளி வாசலில் நின்றதும் சத்தம் வரிசையாக அணைந்தது. மீராசா இந்த அறைக்குள் வருவது முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்புகளுக்கு நடுவில் நின்றார். ருமைஸா அவர் முதுகுக்குப் பின்னால்.

சுரேஷ்குமார் கட்டிலிலிருந்து எழுந்தான். முதலாளியைக் கண்டதும் எழும் பழக்கம் உடம்பிலேயே இருந்தது.

"சுரேஷ் அண்ணா, நான்தான் எடுத்தேன்," என்றாள் ருமைஸா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மன்னிச்சிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். மந்தூப் கொண்டுவந்திருந்த, அவன் கையெழுத்திட்ட காகிதத்தை மீராசா நீட்டினார்.

"தப்பு எங்க மேல. கிழிச்சிடு தம்பி."

சுரேஷ்குமார் அதை வாங்கி, தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தான். நிதானமாக நாலாகக் கிழித்து, ஜன்னல் திண்டில் கிடந்த டீ கப்புக்குள் போட்டான்.

"என்ன வேணும்னாலும் கேளு," என்றார் மீராசா.

"நாளைக்கு டூட்டி உண்டுங்களா மொதலாளி?"

"நாளைக்கு வேணாம். ரெஸ்ட் எடு. எப்ப வேணாலும் வா."

"சரிங்க." அவன் சட்டைப் பட்டன்களைக் கழற்றினான். சட்டையைச் சுருட்டாமல், மார்புக் கோடுகள் உள்ளே போகிற மாதிரி மடித்து, முதலாளியின் கையில் கொடுத்தான். "வர்றப்ப வேற சட்டை ஒண்ணு குடுங்க. கோடு இல்லாதது."

மீராசா அதை வாங்கிக்கொண்டார். தன் சட்டைப் பையில் தைத்திருந்த ஐந்து கோடுகளின் மேல் அவருடைய இன்னொரு கை தானாகப் போய் மூடிக்கொண்டது.

சுரேஷ்குமார் பனியனோடு கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். யாரோ விளக்கை அணைப்பதற்குள் தூங்குகிறவனின் மூச்சு வந்துவிட்டது.

முனியசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மதுஷா அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.